கண்மாய்க்கரையில் ஐந்து நாட்கள்: செட்டிநாட்டில் விரால் தேடிப் போன கதை

24 ஜனவரி 2025, வெள்ளி – கொள்ளுகுடிப்பட்டி வழியாகக் காரைக்குடி

டெக்சஸ் மாநிலத்தில் வேலை பார்த்த ஆறு ஆண்டுகளில் என் விடுமுறை நாட்கள் பெரும்பாலும் பாஸ் மீனுக்குத் தூண்டில் போடுவதிலேயே கழிந்தன. அகன்ற வாயும் பச்சை உடம்பும் கொண்ட அந்த நன்னீர் மீன், நீரில் அமிழ்ந்து கிடக்கும் மரக்கட்டையை ஒட்டி அசையாமல் பதுங்கியிருந்து, இரை எட்டும் தூரத்துக்கு வந்ததும் ஒரே வாயில் உறிஞ்சிக்கொள்ளும். ஊர் திரும்பிய பிறகு அந்த மீனை நினைத்து ஏங்கிக்கொண்டிருந்த என்னிடம், நம் விராலும் ஏறத்தாழ அதே குணமுடையது, பாஸ் மீனுக்கென்று செய்த ரப்பர் தவளையையே அதுவும் கவ்வும் என்று மதுரை நண்பர் ஒருவர் சொன்னார். கார்த்திகையிலும் மார்கழியிலும் பெய்த மழை வடிந்து, கண்மாய்த் தண்ணீர் தெளிந்து நிற்பது தை மாதத்தில்தான் என்பதால், ராடு, ரீல், பன்னிரண்டு தவளைகள் அடங்கிய பெட்டி ஆகியவற்றை வண்டியில் கட்டிக்கொண்டு இன்று காலை மதுரையிலிருந்து கிளம்பினேன்.

மேலூரைத் தாண்டித் திருப்பத்தூருக்கு முன்னால் கொள்ளுகுடிப்பட்டியில் வண்டியை நிறுத்தினேன். வேட்டங்குடி பறவைகள் சரணாலயம் இங்குதான் இருக்கிறது. 1977-இல் சரணாலயமாக அறிவிக்கப்பட்ட இந்தக் கண்மாய்களில், கருவேல மரங்களின் உச்சி தெரியாத அளவுக்கு நத்தைக்குத்தி நாரைகளும் கொக்குகளும் அடைந்திருந்தன. கூட்டிலிருக்கும் குஞ்சுகள் மிரண்டுவிடும் என்பதால் இந்த ஊர் மக்கள் தீபாவளிக்கும் பட்டாசு வெடிப்பதில்லை. இங்கே தூண்டில் போடக்கூடாது என்பது எனக்குத் தெரியும். பார்த்துவிட்டுப் போகத்தான் வந்தேன். கரையில் ஆடு மேய்த்துக்கொண்டிருந்த அம்மா ஒருவர், என் வண்டியில் நீட்டிக்கொண்டிருந்த ராடைப் பார்த்ததும் அருகில் வந்து, "தம்பி, இங்கன மீன் பிடிக்கப்படாது. அதுகளுக்குன்னு விட்டிருக்கு" என்று தன்மையாகச் சொன்னார். "அதுகளுக்குன்னு" என்று சொல்லும்போது கையை உயர்த்தி மரங்களைக் காட்டினார். பார்க்க மட்டும் வந்தேன் என்றதும், பெரிய கொள்ளுகுடிக் கண்மாய்க்கு எந்தப் பக்கமாகப் போனால் பறவைகள் கலையாது என்று வழி சொன்னார்.

மாலையில் காரைக்குடி வந்து சேர்ந்தேன். விடுதி அறைக்கு நாளொன்றுக்கு 1,200 ரூபாய். இரவில் வெள்ளைப் பணியாரமும் வரமிளகாய்ச் சட்னியும் சாப்பிட்டேன். நான்கு பணியாரம் 60 ரூபாய். ஓரம் மொறுமொறுப்பாகவும் நடு பஞ்சாகவும் இருக்கிற இந்தப் பலகாரத்தைப் பற்றித் தனியாகவே எழுத வேண்டும்.

25 ஜனவரி, சனி – கானாடுகாத்தான் பக்கம்

இன்று ஒரு மீன்கூடப் பிடிக்கவில்லை. ராடைப் பையிலிருந்து வெளியே எடுக்கவே இல்லை.

விடியற்காலையில் நல்ல பனி. கானாடுகாத்தானுக்குப் போகும் வழியில், நான்கு பக்கமும் செம்பூரான் கல்லால் படி கட்டி, நடுவில் கண்ணாடிபோல் தண்ணீர் நின்ற ஒரு நீர்நிலையைக் கண்டதும் மனம் தாங்காமல் படியோரம் வண்டியை நிறுத்திவிட்டேன். கரையை ஒட்டி அல்லி இலைகள் படர்ந்திருந்தன; அவற்றுக்கு நடுவே ஏதோ ஒன்று மேலெழுந்து வாயைத் திறந்து மூடியதைக் கண்ணால் பார்த்தேன். பையின் ஜிப்பைத் திறக்கும்போதே குடத்துடன் வந்த ஒரு பெண்மணி குரல் கொடுத்தார். "செருப்பைக் கழட்டுங்க முதல்ல. இது குடிதண்ணி ஊருணி. இதுல குளிக்கவே மாட்டோம், மீன் பிடிக்க வந்திருக்கீக!" நான் உடனே மன்னிப்புக் கேட்டுக்கொண்டு படியிலிருந்து ஏறிவிட்டேன். கோபம் தணிந்ததும் அவரே விளக்கினார். ஊருணி என்றால் ஊர் உண்பதற்கு. ஆடு மாடு இறங்காமல் பார்த்துக்கொள்ள வேண்டும், சோப்புப் படக்கூடாது. மீன் பிடிக்க வேண்டுமென்றால் கண்மாய்க்குப் போக வேண்டும், அங்கும் குத்தகைக்காரரைக் கேட்காமல் தண்ணீரில் நூல் விழக்கூடாது.

டெக்சஸில் உரிமச் சீட்டை வாங்கிப் பையில் வைத்துக்கொண்டால் போதும், எந்தப் பொது ஏரியிலும் தூண்டில் போடலாம். அங்குள்ள லேக் ஃபோர்க் நீர்த்தேக்கத்தில் 16 அங்குலத்துக்கும் 24 அங்குலத்துக்கும் இடைப்பட்ட பாஸ் மீன் சிக்கினால் உடனே திருப்பி விட்டுவிட வேண்டும் என்று விதி உண்டு. அளவுப் பலகையை மடியில் வைத்துக்கொண்டுதான் தூண்டில் போடுவோம். அந்த விதிகளையெல்லாம் மனப்பாடமாக வைத்திருந்த நான், நம் ஊர்த் தண்ணீருக்கும் விதி இருக்கும் என்று யோசிக்காமல் வந்ததை எண்ணி வருந்தினேன். எழுதி ஒட்டப்படாத விதியைக் கேட்டுத்தான் அறிய முடியும்.

எனவே பகல் முழுவதும் கேட்பதற்கே செலவானது. மூன்று டீக்கடைகள், ஒரு சைக்கிள் கடை, மீன் விற்கும் ஓர் அக்கா. அவருடைய அலுமினியச் சட்டியில் இரண்டு விரால்கள் தண்ணீரில்லாமலேயே உயிரோடு நெளிந்துகொண்டிருந்தன. செவுளுக்கு மேலே காற்றைச் சேமித்துச் சுவாசிக்கும் உறுப்பு விராலுக்கு உண்டு. ஈரம் மட்டும் இருந்தால் தண்ணீர் இல்லாமலும் நெடுநேரம் தாங்கும், கோடையில் கண்மாய் வற்றும்போது சேற்றுக்குள் புதைந்தும் உயிர் காக்கும். கிலோ 600 ரூபாய் என்றார். பக்கத்தில் ஜிலேபிக் கெண்டை 160 ரூபாய்தான். வாங்கவில்லை என்று தெரிந்தும் முகம் சுளிக்காமல், பள்ளத்தூருக்குக் கிழக்கே ஒரு கிராமத்தின் பெயரைச் சொல்லி, "நாளைக்குக் கிராம சபை. ஊரே ஒரு எடத்துல இருக்கும், அங்க போய்க் கேளுங்க தம்பி" என்று அனுப்பினார். அந்த ஊரார் கேட்டுக்கொண்டதால் ஊரின் பெயரை இங்கே குறிப்பிடவில்லை.

26 ஜனவரி, ஞாயிறு – கிராம சபை, பிறகு கண்மாய்

குடியரசு நாள் கொடியேற்றத்துக்குப் பிறகு, ஊராட்சி அலுவலகத்தை ஒட்டிய வேப்பமரத்தடியில் கிராம சபை கூடியது. ஊராட்சித் தலைவர்களின் பதவிக்காலம் இந்த மாதத் தொடக்கத்தில் முடிந்துவிட்டதால் அதிகாரி ஒருவர் முன்னின்று வரவு செலவைப் படித்தார். குடிநீர்க் குழாய், நூறு நாள் வேலை ஆகியவற்றுக்குப் பிறகு பேச்சு கண்மாய்க்கு வந்ததும் கூட்டத்தில் ஓர் உயிர்ப்பு வந்தது. வரத்துக்காலில் சீமைக் கருவேல் அடைத்துக்கொண்டதால் இந்த ஆண்டும் கண்மாய் முக்கால் பங்குதான் நிறைந்தது என்று ஒருவர் எழுந்து சொல்ல, மடைப் பலகை பழுது என்று இன்னொருவர் சொன்னார். பசலி 1434-க்கான மீன்பாசிக் குத்தகை பற்றியும் கேள்வி எழுந்தது. பசலி ஆண்டு ஜூலையில் தொடங்கி ஜூனில் முடியும்; கண்மாயின் கணக்கு இன்னும் அந்தப் பழைய ஆண்டுமுறையில்தான் ஓடுகிறது. நாற்பது ஹெக்டேருக்குக் குறைந்த ஆயக்கட்டு, அதாவது பாசன நிலம், உள்ள கண்மாய் ஊராட்சி ஒன்றியத்தின் பொறுப்பு, அதற்கு மேற்பட்டது நீர்வளத்துறையின் பொறுப்பு என்பதையும் அங்கே உட்கார்ந்திருந்தபோதுதான் தெரிந்துகொண்டேன்.

கூட்டம் முடிந்ததும் குத்தகைக்காரரைச் சந்தித்தேன். ஐம்பது வயதிருக்கும், என்னை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, தவளைப் பெட்டியைத் திறக்கச் சொன்னார். ஒவ்வொன்றாக எடுத்து அமுக்கிப் பார்த்தார். உள்ளே கூடான ரப்பர் உடம்பு. இரண்டு முட்களும் முதுகை ஒட்டி மேல்நோக்கிப் படிந்திருப்பதால் இலையிலோ கோரையிலோ மாட்டாமல் வழுக்கிக்கொண்டு வரும். மீன் கவ்வி அமுக்கும்போதுதான் முள் வெளியே தலைகாட்டும். "நல்லாத்தான் செஞ்சிருக்கான்" என்றார். அனுமதி எளிதாகவே கிடைத்தது. அவர் விட்டிருப்பவை கட்லா, ரோகு, மிர்கால் குஞ்சுகள். அவற்றை விழுங்கித் தீர்ப்பது விரால். ஆகவே விரால் பிடிக்கலாம், வளர்ப்பு மீன் சிக்கினால் விட்டுவிட வேண்டும், எடுத்துச் செல்லும் விராலுக்குக் கிலோ 400 ரூபாய் கொடுத்துவிட வேண்டும், துணைக்கு ஊர்ப் பெரியவர் ஒருவர் வருவார். எல்லாவற்றுக்கும் தலையாட்டினேன்.

அந்தப் பெரியவரைப் பற்றிச் சற்று விரிவாக எழுத வேண்டும். வயது எழுபதை நெருங்குகிறது. தோளில் ஒரு துண்டு, கையில் ஒரு மூங்கில் கம்பு, அதன் நுனியில் நரம்பும் ஒற்றை முள்ளும். தக்கை கிடையாது. கண்மாய்க்கரையில் அய்யனார் கோயிலைத் தாண்டும்போது கையெடுத்துக் கும்பிட்டுவிட்டு, அதன்பிறகு ஒரு வார்த்தையும் பேசாமல் நடந்தார். மடைக்கு அருகே நின்று, "கேளுங்க" என்றார். எனக்கு ஒன்றும் கேட்கவில்லை. சற்று நேரம் கழித்துக் கோரைப் பக்கம் "ப்ளக்" என்று ஒரு சத்தம். "அது குறவை, சின்னது" என்றார். மேலும் சற்று நேரத்தில் அல்லி படர்ந்த பக்கம் சத்தமே இல்லாமல் ஓர் இலை மட்டும் அசைந்து அடங்கியது. "அதுதான் விரால். பெரிசு சத்தம் போடாது." காற்று குடிக்க மேலே வந்தே ஆகவேண்டிய மீன் ஆகையால் அதன் இருப்பிடத்தை இப்படி அறிய முடிகிறது. பாஸ் மீனைத் தேட நான் பயன்படுத்திய ஒலியலைக் கருவியின் விலையை அவரிடம் சொல்ல மனம் வரவில்லை.

மாலை நான்கரை மணிக்கு முதல் வீச்சு. தவளை அல்லி இலைமேல் விழுந்து, நான் மெல்லச் சுண்ட, தத்தித் தத்தி வந்தது. மூன்றாவது வீச்சில் இலைகளுக்கிடையே தண்ணீர் வெடித்தது. தவளையைக் கவ்வியதும் உடனே இழுக்காமல் ஓரிரு நொடி பொறுக்க வேண்டும் என்பது பாஸ் தூண்டிலில் கற்ற பாடம். அதன்படி பொறுத்து, பிறகு இழுத்தேன். கொத்து நன்றாக விழுந்தது. முக்கால் கிலோ விரால் ஒன்று கரையேறியது.

அடுத்து நடந்தது என் பழக்கத்தால் வந்த வினை. பாஸ் மீனின் பற்கள் உப்புத்தாள் போலச் சொரசொரப்பாக மட்டுமே இருக்கும். அதனால் கீழுதட்டைக் கட்டைவிரலால் பிடித்துத் தூக்குவதுதான் அங்கே வழக்கம். கை தானாகவே விராலின் வாய்க்குள் போய்விட்டது. விராலுக்கோ ஊசிப்பற்கள். மீன் ஒரு முறை உதற, கட்டைவிரல் இரண்டு இடத்தில் கிழிந்து இரத்தம் கொட்டியது. பெரியவர் ஓடிவந்து துண்டின் ஓரத்தைக் கிழித்துக் கட்டினார். "வாயில யாராச்சும் வெரல வைப்பாகளா? தலைக்குப் பின்னால அமுக்கணும்" என்றவர், தானே முள்ளைக் கழற்றி மீனை ஈரச் சாக்கில் போட்டார். இரவு காரைக்குடியில் ஊசி போட்டுக்கொண்டேன். மருந்தோடு 180 ரூபாய்.

27 ஜனவரி, திங்கள் – முழு நாளும் கண்மாய்

ஆறு மணிக்கே போய்விட்டேன், ஆனால் பனியில் ஒன்றும் அசையவில்லை. வெயில் ஏறித் தண்ணீர் சூடேற வேண்டும் என்று சொல்லிவிட்டுப் பெரியவர் கலுங்குக் கல்மேல் உட்கார்ந்து வெற்றிலை போட்டார். எட்டரை மணிவரை பேசிக்கொண்டிருந்தோம். அமெரிக்காவில் விரால் உண்டா என்று கேட்டார். 2002-இல் மேரிலாந்து மாநிலத்தில் குரோஃப்டன் என்னும் ஊரின் குளமொன்றில் சீனத்து விரால் வகை பெருகியிருப்பது தெரியவந்தபோது, அது மற்ற மீன்களை அழித்துவிடும் என்று அஞ்சி, குளத்துக்கே மருந்திட்டு எல்லாவற்றையும் கொன்றார்கள் என்றேன். அதே ஆண்டில் உயிருள்ள விரால் இனங்களை நாட்டுக்குள் கொண்டுவருவதற்கும் தடை வந்தது. அவர் நெடுநேரம் பேசவில்லை. பிறகு, "பிள்ளை பெத்தவளுக்குக் கொடுக்கிற மீனு" என்று மட்டும் சொன்னார்.

பாஸ் மீனில் மிகப் பெரியது எவ்வளவு எடை என்றும் கேட்டார். 1932-இல் ஜார்ஜியா மாநிலத்தில் ஜார்ஜ் பெர்ரி என்பவர் பிடித்தது 22 பவுண்டு 4 அவுன்சு, அதாவது பத்துக் கிலோவுக்குச் சற்று மேல் என்றும், 2009-இல் ஜப்பானின் பிவா ஏரியில் மனாபு குரிட்டா பிடித்த மீன் அந்தச் சாதனையைச் சமன் செய்தது என்றும் சொன்னேன். பெர்ரி அந்த மீனை வீட்டுக்குக் கொண்டுபோய்க் குடும்பத்தோடு சாப்பிட்டுவிட்டார் என்றதும் பெரியவரின் முகம் மலர்ந்தது. "அவன்தான் மனுசன்" என்றார்.

இதிலிருந்து ஒரு வாதம் பிறந்தது. நான் பிடித்த மீனைத் திருப்பி விடும் பழக்கமுள்ளவன். பெரிய மீன் உயிரோடிருந்தால்தான் நாளைக்கு நல்ல வம்சம் இருக்கும் என்று நம்புகிறவன். பெரியவர் அதை ஏற்கவில்லை. பசிக்குப் பிடிப்பது வேறு, வாயைக் கிழித்து வேடிக்கை பார்த்துவிட்டுத் தண்ணீரில் விடுவது வேறு என்பது அவர் கட்சி. லேக் ஃபோர்க்கில் நடுத்தர மீன்களை விடச்சொல்லும் விதி இருப்பதால் அங்கே பெரிய மீன்கள் நிலைத்திருக்கின்றன; ஆகவே என் பழக்கத்தைத் தவறென்று நான் இப்போதும் கருதவில்லை. ஆனால் ஆண்டுதோறும் வற்றும் கண்மாய்க்கு அந்தக் கணக்கு அப்படியே பொருந்தாது. இங்கே வைகாசியில் தண்ணீரே இருக்காது. மீனைக் காப்பது சேறும் அடுத்த மழையும். உண்பதற்கு வேண்டிய அளவு பிடித்ததும் ராடை மடக்கிவிடுவது என்று அவரிடம் ஒப்புக்கொண்டேன்.

ஒன்பது மணியிலிருந்து மீன்கள் கவ்வத் தொடங்கின. பதினொரு மணிக்குள் இரண்டு விரால்; ஒன்று ஒரு கிலோ, மற்றது சற்றுக் குறைவு. வேறொன்று, நிச்சயமாக இரண்டு கிலோவுக்கு மேல் இருக்கும், தவளையைக் கவ்விய கையோடு தாமரைத் தண்டுகளுக்குள் பாய்ந்து நூலைச் சுற்றிக்கொண்டது. ஐம்பது பவுண்டு தாங்கும் முறுக்கு நூல் அறுபடவில்லை. ஆனால் தொடைவரை சேற்றில் இறங்கிப் போய்ப் பார்த்தபோது தண்டுக்கட்டில் தவளை மட்டும் தொங்கியது. திரும்பும்போது காலில் கருவேல முள் ஏறியது. பெரியவர் ஊக்கால் எடுத்துவிட்டார்.

நண்பகலில் உள்வாய்ப் பக்கம் நடந்தபோதுதான் இந்தப் பயணத்தில் நான் மறக்க முடியாத காட்சியைக் கண்டேன். முழங்கால் ஆழத் தண்ணீரில், ஒரு முறம் அகலத்துக்கு, செம்பொன் நிறத்தில் ஏதோ கொதித்துக்கொண்டிருந்தது. நூற்றுக்கணக்கான விரால் குஞ்சுகள். ஒன்றாக மேலெழுந்து காற்றைக் குடித்து ஒன்றாக அமிழ்ந்தன. அவற்றுக்குக் கீழே கரிய நிழல் ஒன்று வட்டமிட்டது. காவலிருக்கும் விரால் தன் குஞ்சுகளை நெருங்கும் எதையும் பாய்ந்து தாக்கும். தவளையை அதன் நடுவே போட்டால் பசியில்லாவிட்டாலும் கவ்விவிடும். முக்கால் கிலோவும் ஒரு கிலோவுமாகப் பிடித்த எனக்கு அந்த நிழல் எத்தனை பெரியது என்று தெரிந்தது. கை ராடின் மேல் போனதை மறைக்க விரும்பவில்லை. பெரியவர் என் மணிக்கட்டில் விரல் வைத்தார். "அது காவல்ல இருக்கு, தம்பி. அதை எடுத்தா சாயங்காலத்துக்குள்ள குஞ்சு அம்புட்டையும் கெண்டையும் கொக்கும் முடிச்சிரும்." பாஸ் மீனிலும் ஆண்மீன்தான் வசந்த காலத்தில் குழி பறித்து முட்டையைக் காக்கும், அந்தக் காலத்தில் கூட்டின்மேல் தூண்டில் போடலாமா கூடாதா என்று அங்குள்ளவர்கள் இன்னும் வழக்காடிக்கொண்டிருக்கிறார்கள். நான் அங்கே போட்டிருக்கிறேன். திருப்பி விட்டுவிடுகிறோமே என்ற சமாதானத்தோடு போட்டிருக்கிறேன். இந்த மனிதரோ, பிடித்ததைத் திருப்பி விடுவதைப் பாவம் என்பவர், காவல் மீனைத் தொடவே மாட்டார். கால் மணி நேரம் அங்கேயே நின்று பார்த்துவிட்டு, ராடை மடக்கிப் பையில் போட்டேன்.

திரும்பும் வழியில் பின் சக்கரம் பஞ்சர். அதுவும் கருவேல முள்தான். ஒன்றரைக் கிலோமீட்டர் தள்ளிக்கொண்டு வந்தேன்; ஒட்டுவதற்கு 100 ரூபாய்.

28 ஜனவரி, செவ்வாய் – பெரியவர் வீட்டுச் சாப்பாடு

பிடித்த மீனுக்குரிய பணத்தைக் குத்தகைக்காரரிடம் கொடுத்தேன். எடை போட்டுப் பார்த்து, ஆயிரம் ரூபாய் போதும் என்றார். மீனைப் பெரியவரின் வீட்டில் கொடுத்திருந்தேன். அந்த அம்மா நேற்று மாலையே அடுப்புச் சாம்பலும் கல்லுப்பும் சேர்த்து, முற்றத்துக் கல்லில் தேய்த்து வழுவழுப்பு முழுவதும் போகும்வரை அலசி, துண்டு போட்டுக் குழம்பு வைத்துவிட்டார்கள். "மீன்குழம்பு மறுநாள்தான் குழம்பு" என்பது அவர்கள் வாக்கு. நல்லெண்ணெய், சின்ன வெங்காயம், முழுப் பூண்டு, கெட்டிப் புளி, அம்மியில் அரைத்த மல்லியும் மிளகாயும். கண்மாய் மீனுக்குரிய சேற்று வாடை துளியும் இல்லை. முள் குறைந்த, நார்நாராகப் பிரியும் சதை. மூன்று முறை சோறு வாங்கிச் சாப்பிட்டேன். பணம் தர முயன்றபோது அந்த அம்மா உள்ளே போய்விட்டார்கள்; பெரியவர் என் கையை மடக்கினார்.

கிளம்பும்போது அவர் திண்ணையின் மூலையிலிருந்து மூங்கில் சிம்பால் பின்னிய ஊத்தா ஒன்றை எடுத்துக் கொடுத்தார். இரண்டு பக்கமும் திறந்த கூடை அது. முழங்கால் தண்ணீரில் நடந்துகொண்டே சேற்றில் அமுக்கி, உள்ளே மீன் முட்டினால் மேல்வாய் வழியாகக் கைவிட்டு எடுக்க வேண்டும். கோடையில் பாசனம் முடிந்து தண்ணீர் வற்றியதும், ஊர்ப் பெரியவர்கள் கரையில் நின்று வெள்ளைத் துண்டை வீச, சுற்று வட்டாரத்து ஆண்களும் பெண்களும் பிள்ளைகளும் ஒரே நேரத்தில் இறங்கி மீன் பிடிக்கும் நாள் ஒன்று உண்டு; அதைத்தான் கண்மாய் அழிவது என்பார்கள். அன்று குத்தகையும் கிடையாது, காசும் கிடையாது. எவர் கையில் சிக்கியதோ அவருக்கு. அந்த நாளுக்கு ராடைக் கொண்டுவரக்கூடாது என்று சொல்லி, என் வண்டியின் பின்னால் ஊத்தாவைத் தானே கட்டினார். பதிலுக்கு, அல்லி இலைமேல் முதல் விராலைக் கொணர்ந்த பச்சைத் தவளையை அவருடைய பேரனிடம் கொடுத்தேன், முட்கள் இரண்டையும் குறட்டால் கழற்றிவிட்டு.

மேலூரில் டீ குடிக்க நின்றேன். கடைக்காரர் டீ ஆற்றுவதை நிறுத்திவிட்டு வண்டியையே பார்த்தார்.

"என்னண்ணே, ஊத்தா கட்டியிருக்கு. எந்தக் கம்மா அழியுது?"

இன்னும் நாளிருக்கிறது, சித்திரைக்கு மேல்தான் என்றேன். ஊர்ப்பெயரைக் கேட்டார். சொல்லவில்லை.

"சரி, நாள் குறிச்சா ஒரு வார்த்தை சொல்லுங்க" என்றார் அவர், டீக்குக் காசு வாங்கிக்கொண்டு.